மேடு ஏறும்போது மறையும் காற்று

அரிசோனாவில் பீனிக்ஸையும் ஃபிளாக்ஸ்டாஃபையும் இணைக்கும் இன்டர்ஸ்டேட் 17 நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 145 மைல்; நம் கணக்கில் 233 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரத்தில், பாலைவனத் தரையில் புறப்படும் சாலை 2,100 மீட்டர் உயரத்தில் பைன் காட்டுக்குள் போய் முடிகிறது. ஜூலை மாதப் பிற்பகலில் கீழே 43 டிகிரி செல்சியஸ் கொளுத்தும்போது மேலே 28 டிகிரிதான் இருக்கும். ஏற்றமும் ஒரே சீராக இல்லை. ஒரு மேடு, பெரிய இறக்கம் ஒன்று, மறுபடி மேடு என்று மாறி மாறி வரும். பழைய வாகனத்தின் ஏசியில் உள்ள குறையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சாலை கிடைக்காது.

எங்களோடு வந்தது அப்படி ஒரு வாகனம்தான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து போய் பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் வேலை பார்க்கும் நண்பர், 1990-களின் பிற்பகுதியில் வந்த பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறார். வி8 பெட்ரோல் என்ஜின், முன்னால் ஒரே நீள இருக்கை, பின்னால் திறந்த சரக்குப் பெட்டி. ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் உறவினருக்கு மரச்சாமான்கள் சில கொண்டுபோக வேண்டியிருந்தது. புறப்படும் முன்பே என்னிடம் சொன்னார்: “அண்ணே, ஊருக்குள்ள ஏசி நல்லாத்தான் இருக்கும். மலை ஏறுனா மட்டும் மூஞ்சில காத்து நின்னுரும். ரெண்டு தடவ கேஸ் அடிச்சாச்சு. மாறவே இல்ல.”

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அங்கே மூத்த மெக்கானிக்குகள் வண்டியின் பானெட்டைத் திறக்கும் முன் டிரைவரிடம் கேட்கிற முதல் கேள்வி “எப்போ?” என்பதுதான். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதா, லோடு ஏற்றின பிறகா, மழையிலா? நானும் அதையே கேட்டேன். “தம்பி, குளிர் குறையுதா, காத்து குறையுதா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “அத இதுவரைக்கும் பிரிச்சுப் பாக்கலண்ணே.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. வாகன ஏசியில் குளிரை உண்டாக்குவது ஓர் ஏற்பாடு. அந்தக் குளிரை நம்மிடம் கொண்டுவருவது வேறோர் ஏற்பாடு. கம்ப்ரசர், கண்டென்சர், எவாப்பரேட்டர், கேஸ் எல்லாம் முதல் வகை. புளோயர் மோட்டாரும், டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் சிறு கதவுகளும் இரண்டாம் வகை. இரண்டில் எது கெட்டாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு “ஏசி வேலை செய்யல” என்றுதான் தோன்றும். கேஸ் அடிப்பது முதல் வகைக் குறைக்கு மட்டுமே மருந்து. கேஸ் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் வெளியேறும். குறையாத இடத்தில் அளவுக்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடிக் கம்ப்ரசருக்குத்தான் கேடு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தை ஒட்டி, அமெரிக்காவில் வண்டி ஏசிகளில் அடித்துவந்த பழைய ஆர்-12 வாயுவின் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். தேவையில்லாமல் அடிக்கிற கேஸ் பணத்தோடு போகிற சங்கதி அல்ல.

பீனிக்ஸில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவே முடியாது. 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் அந்த நகரத்தின் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. நகரம் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் அந்த ஆண்டு 645 பேர் வெப்பம் தொடர்பான காரணங்களால் இறந்ததாக அங்குள்ள பொது சுகாதாரத் துறை கணக்கிட்டது. அடுத்த ஆண்டு 113 நாட்கள் தொடர்ந்து 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத பகல்கள். இப்படிப்பட்ட ஊரில் பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவருக்கு ஏசி என்பது பிரேக்குக்கு அடுத்தபடியான பாதுகாப்பு.

காலையிலேயே கிளம்பினோம். நகரைத் தாண்டி நியூ ரிவர் வரை சாலை ஏறத்தாழச் சமதளம். டாஷ்போர்டின் நான்கு வாய்களிலிருந்தும் காற்று நன்றாக வந்தது. ஒவ்வொரு வாயிலும் டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படபடத்தது. சமையலுக்குப் பயன்படுத்தும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை நடு வாயில் செருகி வைத்தோம். 8 டிகிரி செல்சியஸ் காட்டியது. இத்தனை வெயிலுக்கு அது நல்ல குளிர்.

பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் நிலம் எழும்புகிறது. சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்து 13 கிலோமீட்டருக்குள் சன்செட் பாயின்ட் ஓய்விடம் வரை 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இரண்டு பக்கமும் சவாரோ கள்ளிகள் கை தூக்கி நிற்கின்றன. அவற்றுக்கு இடையே பச்சைப் பட்டையுடைய பாலோ வெர்டே மரங்கள். நண்பர் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தார். என்ஜின் உறுமியது. அரை நிமிடம் ஆகியிருக்கும். டாஷ்போர்டுக்குள் ‘தொப்’பென்று மெல்லிய ஓசை, முகத்தில் அடித்த காற்று தளர்ந்தது, பிறகு நின்றே போனது.

“பாத்தீங்களாண்ணே, போயிருச்சு.”

புளோயரின் இரைச்சல் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. அப்படியானால் காற்று எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. காகிதத் துண்டை முன்கண்ணாடியின் அடியில் கொண்டுபோனேன். அங்கே பலமாகப் பறந்தது. கையை வைத்தேன், அந்தக் காற்றும் சில்லென்றே இருந்தது. குளிரும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, போகிற இடம்தான் மாறியிருக்கிறது என்பது அந்த மேட்டிலேயே தெளிவாகிவிட்டது.

சன்செட் பாயின்ட்டில் நிறுத்தி வண்டியை ஆறவிட்டோம். கீழே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் பிராட்ஷா மலைத்தொடர். அமெரிக்கத் தென்மேற்கின் நீண்ட ஏற்றங்கள் சிலவற்றில், என்ஜின் சூடேறாமலிருக்க ஏசியை அணையுங்கள் என்று சாலையோரப் பலகையே வைத்திருப்பார்கள். கம்ப்ரசர் என்ஜினிடமிருந்து சக்தியை வாங்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரோ தன் சூட்டை ரேடியேட்டருக்குப் போகும் காற்றிலேயே கொட்டுகிறது. ஏசி வராத காலத்தில் இந்தப் பக்கம் ரூட் 66 வழியாகப் பாலைவனம் கடந்தவர்கள் கான்வாஸ் தண்ணீர்ப் பையை வண்டியின் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே பயணம் செய்தவர்களும் உண்டு. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கொடுத்த முதல் கார் 1940-ஆம் ஆண்டு மாடல் பேக்கார்ட். அதில் எவாப்பரேட்டர் பின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. கம்ப்ரசரை நிறுத்த வேண்டுமானால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1954-இல் நாஷ் நிறுவனம் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்து முன்பக்கமே அமைத்துக் காட்டியது. சூடும் குளிரும் ஒரே பெட்டியிலிருந்து வரத் தொடங்கிய பிறகு, காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று பங்கிட உள்ளே கதவுகள் முக்கியமாயின. எங்கள் குறை அந்தக் கதவுகளில் ஒன்றில்தான்.

அந்தக் கதவை அசைப்பது எது? இன்றைய வண்டிகளில் சிறிய மின் மோட்டார். அந்தக் காலத்து அமெரிக்கப் பிக்கப்கள் பலவற்றில் வேக்குவம். பெட்ரோல் என்ஜினுக்குள் காற்று போகும் வழியில் த்ராட்டில் தகடு இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் இறங்கும்போது உறிஞ்சுவதால், தகட்டுக்கு அப்பால் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து வேக்குவம் உண்டாகிறது. கடல்மட்டத்தில் ஆரோக்கியமான என்ஜின் ஐடிலில் 18 முதல் 22 அங்குலப் பாதரச அளவு வேக்குவம் தரும். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் தகடு திறந்துகொள்ளும். வேக்குவம் ஏறத்தாழ இல்லாமலே போகும். உயரமும் இதில் கைவைக்கும்: 1,000 அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். நம் ஊரில் அதிகம் ஓடும் டீசல் வண்டிகளில் த்ராட்டிலை நம்பி வேக்குவம் எடுக்க முடியாது என்பதால்தான் பிரேக் பூஸ்டருக்கென்று தனி வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள்.

மேடு ஏறும்போதெல்லாம் வேக்குவம் விழும் என்பது வண்டியை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. அதனால் ஒரு சேமிப்பு டப்பாவும், உறிஞ்சியது திரும்பிப் போகாதபடி ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் நிற்கும் நேரத்துக்கு மேல்நிலைத் தொட்டி உதவுவதுபோல, என்ஜின் வேக்குவம் தராத நேரத்தில் அந்த டப்பா கதவைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் வண்டியில் அரை நிமிடத்தில் கதவு விழுகிறதென்றால் டப்பாவில் சேமிப்பு நிற்கவில்லை. எங்கோ சின்னக் கசிவு. ஐடிலில் என்ஜின் ஓயாமல் உறிஞ்சுவதால் அந்தக் கசிவை ஈடுகட்டிவிடுகிறது. ஊருக்குள் குறை தெரியாததற்குக் காரணம் அதுதான். எந்தப் பட்டறை வாசலில் நிறுத்திக் காட்டினாலும் நல்ல வண்டியாகவே இருக்கும். மேடு மட்டுமே அதை வெளியே கொண்டுவரும்.

சன்செட் பாயின்ட்டைத் தாண்டினால் சவாரோக்கள் மறைந்துவிடுகின்றன. உறைபனி அவற்றுக்கு ஆகாது. இந்தப் பக்கத்தில் சுமார் 1,200 மீட்டருக்கு மேல் அவற்றைப் பார்ப்பது அரிது. பிறகு புல்வெளி மேடுகள், கார்டஸ் ஜங்ஷன், பாவ்லோ சோலேரி 1970-இல் கட்டத் தொடங்கிய ஆர்க்கோசாண்டி என்ற சோதனைக் குடியிருப்புக்குப் பிரியும் வழி. அதன்பின் வெர்டி பள்ளத்தாக்கை நோக்கி நீண்ட, செங்குத்தான இறக்கம். நண்பர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். மறுபடி அந்த மெல்லிய ஓசை. முகத்துக்குக் காற்று திரும்பி வந்தது. “இறக்கத்துல தானா சரியாயிருதுண்ணே” என்றார். தானாகச் சரியாகவில்லை. த்ராட்டில் மூடியதும் வேக்குவம் ஏறி, கதவை இழுத்தது. என் சந்தேகத்துக்கு இறக்கம் சாட்சி சொன்னது.

கேம்ப் வெர்டியில் சாலையோரம் ஒரு சிறிய பட்டறை. முதியவர் ஒருவர் தனியாக நடத்துகிறார். நாங்கள் மேடு, இறக்கக் கணக்கைச் சொன்னதும் அவர் கேஸ் கேஜைத் தொடவேயில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, சாவியைத் திருப்பிப் புளோயரை மட்டும் ஓட விட்டார். காற்றுத் திசையை மாற்றும் திருகை முகத்துக்கும் காலுக்கும் மாற்றினார். சேமிப்பு டப்பாவும் குழாய்களும் நல்ல நிலையில் இருந்தால் என்ஜின் நின்ற பிறகும் சில முறை கதவு சொன்னபடி கேட்கும். எங்கள் வண்டியில் முதல் தடவையே காற்று கண்ணாடிக்குப் போய்விட்டது. பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் யாரும் கருவி எதுவும் இல்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு டாஷ்போர்டில் காது வைத்துக் கேட்டார். உள்ளே ‘உஸ்’ என்ற சத்தம் வந்தால் கசிவு திருகுக்குப் பின்னாலோ, கதவை இழுக்கும் டயஃப்ரம் டப்பாவிலோ இருக்கும். சத்தம் இல்லை. பானெட்டைத் திறந்து, மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்கு அருகே குழாய் வளையும் இடத்தில் விரல் நின்றது. கால் நூற்றாண்டு என்ஜின் சூட்டில் கிடந்து குழாய் மொறமொறத்துப் போயிருந்தது. தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அந்த இடத்தை வெட்டி எடுத்து, ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு முனைகளிலும் செருகினார். கையால் இயக்கும் வேக்குவம் பம்பை மாட்டி உறிஞ்சிப் பார்த்தார். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. பொருளுக்கு ஆன செலவு சில டாலர்கள்.

முதியவர் அத்தோடு விடவில்லை. முகத்துக்கு வரும்போதுகூடக் காற்று வரவேண்டிய அளவுக்கு வரவில்லை என்றார். இந்த வயது வண்டிகள் பலவற்றில் கேபின் ஃபில்டர் கிடையாது. வைப்பருக்குக் கீழே உள்ள துளைகள் வழியாக வரும் இலை, தூசி எல்லாம் நேராக எவாப்பரேட்டரின் முகத்தில் போய் ஒட்டும். புளோயரின் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் ரெசிஸ்டர், காற்று தன்னைக் குளிர வைக்கட்டும் என்பதற்காகவே காற்றுப் பாதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி அதை வெளியே எடுத்தால், அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்க்கலாம். (புளோயர் அதிகபட்ச வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த ரெசிஸ்டரைத்தான்.) உள்ளே பாலோ வெர்டேயின் பொடி இலைகளும் காய்ந்த மஞ்சள் பூக்களும் மெத்தையாகப் படிந்திருந்தன. நடுவில் எலி சேர்த்துவைத்த பஞ்சும் புழுக்கையும்.

நண்பர் கையை விடப் போனார். முதியவர் சட்டென்று தடுத்தார். 1993-இல் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, கொலராடோ, யூட்டா நான்கும் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் பகுதியில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். மான் எலி எனப்படும் காட்டெலியின் சிறுநீர், எச்சில், புழுக்கை வழியே பரவும் ஹான்டா வைரஸ்தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. காய்ந்த புழுக்கையைக் கிளறினால் தூசியோடு வைரஸ் மூச்சில் போகும். அதனால் அந்தப் பகுதியில் எலிக்கூட்டைத் துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ தொடுவதில்லை. முதியவர் கையுறை போட்டுக்கொண்டு பிளீச் கலந்த நீரைத் தெளித்தார். நன்றாக ஊறும்வரை காத்திருந்து, ஈரத்தோடு வழித்து எடுத்து, உறையில் கட்டிப் போட்டார். அந்த நிதானத்தைப் பார்க்க எனக்கு மரியாதையாக இருந்தது. தொழில் தெரிந்தவர் என்பதோடு, தான் வாழும் மண்ணையும் தெரிந்தவர்.

வேலை முடிந்து அவர் சொன்னது ஒன்று மிச்சம். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு எல்லா வாயிலும் காற்று சேர்ந்தாற்போல் குறைந்தால் அது வேறு நோய். கேஸ் குறைந்தோ, கம்ப்ரசரை நிறுத்தித் தொடங்கும் ஸ்விட்ச் பழுதாகியோ எவாப்பரேட்டர் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்துவிடும்; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிட்டால் சற்று நேரத்தில் காற்று திரும்பும். வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும். வறண்ட ஜூன் மாதத்தைவிட, காற்றில் ஈரம் ஏறும் மான்சூன் காலத்தில் இதை அதிகம் காணலாம். மான்சூன் என்றே அங்கும் சொல்கிறார்கள்; ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை அதற்கு நாள் குறித்திருக்கிறது.

கேம்ப் வெர்டியிலிருந்து அடுத்த ஏற்றம் முதல் ஏற்றத்தைவிடக் கடுமையானது. சுமார் 950 மீட்டரிலிருந்து மண்ட்ஸ் பார்க் வரை 2,000 மீட்டருக்கு ஏறுகிறது. புதர்கள் போய் ஜூனிப்பர் மரங்கள் வந்தன. பிறகு பாண்டரோசா பைன்கள். நண்பர் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி கையை வாயின் முன்னால் வைத்திருந்தார். மேடு நீண்டுகொண்டே போனது. காற்று அசையாமல் முகத்துக்கே வந்தது. “நிக்குதுண்ணே!” என்று அவர் சொன்ன குரலில் இருந்த சந்தோஷத்தை விலை கொடுத்து வாங்க முடியாது.

மண்ட்ஸ் பார்க் அருகே வானம் கறுத்து மான்சூன் மழை கொட்டியது. சில நொடிகளில் கண்ணாடி உள்பக்கம் பனித்து, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மங்கலாகிவிட்டது. நண்பர் திருகைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். எவாப்பரேட்டர் ஈரத்தைப் பிழிந்து எடுத்த உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டு, சாலை மீண்டும் தெரிந்தது. வேக்குவம் போனால் கதவு ஏன் கண்ணாடிப் பக்கமே விழ வேண்டும் என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைத்தது. கண்ணாடியைத் தெளிய வைக்கும் வசதி இல்லாமல் அமெரிக்காவில் காரையோ பிக்கப்பையோ விற்க முடியாது. அதற்கென்றே கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி எண் 103 இருக்கிறது. எல்லாம் கெட்டாலும் டிரைவரின் பார்வை கெடக்கூடாது என்று எண்ணி, ஸ்பிரிங் அந்தப் பக்கம் தள்ளும்படி செய்திருக்கிறார்கள். நண்பரை இத்தனை நாள் வாட்டிய அந்தப் பழக்கம், குழாய் கிழிந்த நிலையிலும் வண்டி அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காவல்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் புதியது வாங்க முடியாதவர்கள். அவர்களிடம் முதல் வேலையாகக் கேஸுக்குக் காசு வாங்குவது அநியாயம். காற்று வருகிறதா, எங்கே வருகிறது, எவ்வளவு குளிராக வருகிறது, எப்போது மாறுகிறது என்று இந்த வரிசையில் கேட்டால் பாதிக் குறைகள் கேஜ் மாட்டும் முன்பே பிடிபடும். அதிலும் கடைசிக் கேள்விக்கான பதிலைப் பட்டறையால் தர முடியாது. வண்டி ஓட்டுகிறவர்தான் தர முடியும். மேட்டிலா, இறக்கத்திலா, மழையிலா, ஓடி எவ்வளவு நேரம் கழித்து என்று கவனித்துக் குறித்துக்கொண்டு போகிறவரை நல்ல மெக்கானிக் ஒருபோதும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.